அஜந்தா வண்ணமும் ஆயனர் கனவும்

அமரர் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944ஆம் ஆண்டில் 'கல்கி' வார இதழில் தொடராகத் தொடங்கி 1946ஆம் ஆண்டு வரை வெளிவந்தது. மாமல்லரின் காதலும், ஆயனர் மகளின் சூளுரையும், வாதாபியின் வீழ்ச்சியும் தமிழ் வாசகர் நெஞ்சில் நிலைத்துவிட்டன. ஆயினும் இக்கதையின் முதற் சக்கரத்தைச் சுழற்றிவிடுவது காதலும் அன்று, போரும் அன்று. வண்ணத்தின்மேல் ஒரு கலைஞன் கொண்ட ஆசை. காஞ்சிக்குப் புறத்தே காட்டிடை அமைந்த இல்லத்தில் வாழும் ஆயனச் சிற்பி, தம் மகளின் ஆடல் நிலைகளைக் கல்லிலும் சுவரிலும் வடித்து வைக்கிறார். கல்லில் செதுக்கியது நிற்கிறது. சுவரில் தீட்டியது மங்குகிறது. அஜந்தா மலைக் குகைகளிலோ பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய சித்திரங்கள் நேற்று எழுதியவைபோல் ஒளிர்கின்றன என்று அவர் கேள்வியுறுகிறார். அந்த வண்ணக் கலவையின் இரகசியம் கைக்கு வந்தால் போதும், வேறு செல்வம் வேண்டா என்பதே அவர் உள்ளக்கிடக்கை.

அந்த ஆசையின் வழியேதான் சூழ்ச்சி நுழைகிறது. நாகநந்தி அடிகள் என்னும் பிக்ஷு, அஜந்தா இரகசியத்தை வரவழைத்துத் தருவதாக ஆயனருக்கு வாக்களிக்கிறார். கல்வி கற்கக் காஞ்சிக்கு வந்த பரஞ்சோதி என்னும் இளைஞன் கையில் ஓலை ஒன்று கொடுக்கப்படுகிறது. வண்ண இரகசியத்தை வேண்டும் ஓலை என்று நம்பி அவன் வடதிசை நோக்கிப் புறப்படுகிறான். உண்மையில் அது புலிகேசி மன்னனைக் காஞ்சிமேல் படையெடுத்து வருமாறு அழைக்கும் ஓலை. பல்லவ நாடு உனக்கு, சிவகாமி எனக்கு என்பதே அதன் சாரம். வழியில் மாறுவேடத்தில் எதிர்ப்படும் மகேந்திர பல்லவர் அதனை மாற்றிவிடுகிறார். ஒரு சாம்ராச்சியத்தின் தலைவிதி, சுவருக்குப் பூசும் வண்ணம் பற்றிய ஓலைக்குள் மறைந்து பயணம் செய்கிறது. திகிற்கதை எழுதுவோர் பொறாமைகொள்ளத்தக்க தொடக்கம் இது.

ஆயனரும் சிவகாமியும் நாகநந்தியும் கல்கியின் கற்பனை மாந்தர். மகேந்திரவர்மரும் நரசிம்மவர்மரும் புலிகேசியும், பெரியபுராணத்தில் சிறுத்தொண்டராகப் போற்றப்படும் பரஞ்சோதியும் வரலாற்று மாந்தர். இவ்விரு வகையினருக்கும் நடுவே, கற்பனையா வரலாறா என்று பிரித்தறிய இயலாதவாறு நிற்பது அந்த வண்ண இரகசியம் ஒன்றே. அழியாத வண்ணம் அஜந்தாவில் இருந்ததா? இருந்ததெனின் அதனை ஓர் ஓலையில் எழுதிக் கொண்டுவந்திருக்க முடியுமா? நாவலைப் படித்து முடித்தவர் உள்ளத்தில் எழ வேண்டிய இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடை, நாவலுக்குச் சற்றும் குறையாத காதலும் திகிலும் உடையது.

முதற்கண் காலக்கணக்கு. கல்கி அஜந்தாவைப் புலிகேசியின் காலத்தோடு இணைத்தார். நாகநந்தி இளமையில் அஜந்தாவில் வளர்ந்தவர், ஓவியக் கலையை ஆங்குக் கற்றவர் என்பது கதை. இதனைக் காலவழு என்று சுட்டுவோர் உளர். ஆனால் கல்கியின் காலத்து அறிஞர் நூல்கள் பலவும் இக்கருத்தையே கொண்டிருந்தன என்பதனை மறத்தல் ஆகாது. அஜந்தாவின் முதற் குகையில் அயல்நாட்டு உடையணிந்த தூதர்களை அரசன் ஒருவன் வரவேற்கும் சித்திரம் உள்ளது. அது பாரசீக மன்னன் இரண்டாம் குஸ்ருவின் தூதர்களை இரண்டாம் புலிகேசி வரவேற்கும் காட்சி என்று ஜேம்ஸ் பெர்குசன் 1879ஆம் ஆண்டில் எழுதினார். அக்கருத்து நெடுங்காலம் பாடநூல்களிலும் இடம்பெற்றிருந்தது. பின்னர் வால்டர் ஸ்பிங்க் என்னும் அமெரிக்க அறிஞர் வாழ்நாள் முழுதும் அக்குகைகளை ஆராய்ந்து, பிற்காலக் குகைகள் பெரும்பாலும் வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 460க்கும் 480க்கும் இடையே உருவாயின என்று நிறுவ முற்பட்டார். பதினாறாம் குகையில் அம்மன்னனின் அமைச்சன் வராகதேவனின் கல்வெட்டு உள்ளது. ஸ்பிங்க்கின் குறுகிய காலவரையறையை முழுதும் ஏற்காதவர்கூட, தூதர் காட்சியைப் புலிகேசியோடு இணைப்பதனை இன்று கைவிட்டுவிட்டனர். ஆகவே மகேந்திரர் காஞ்சியில் அரசு வீற்றிருந்த ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அஜந்தாவின் தூரிகைகள் ஓய்ந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருத்தல் வேண்டும். பரஞ்சோதி அங்குச் சென்றிருப்பினும் சொல்லித்தர ஓவியர் எவரும் இருந்திருக்கமாட்டார்.

இனி வண்ணத்தைப் பார்ப்போம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தொல்பொருள் வேதியியலாராகப் பணியாற்றிய எஸ். பரமசிவன் என்னும் தமிழர், 1930களில் அஜந்தா, எல்லோரா, சித்தன்னவாசல், தஞ்சை முதலிய இடங்களின் சுவரோவியங்களை நுணுகி ஆராய்ந்தார். ஓவியப் பரப்பிலிருந்து உதிர்ந்த சிறு துணுக்குகளைக்கொண்டு சாந்தின் அடுக்குகளையும் வண்ணப் பொடிகளையும் அவர் பகுத்து ஆராய்ந்தார். ஆயனர் உயிரினும் பெரிதாகக் கருதிய இரகசியம், கல்கி தம் தொடரை எழுதத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எழும்பூரில் அறிவியற் கட்டுரையாக வெளியாகிவிட்டது. அதனை எவரும் ஓலையில் மறைக்கவுமில்லை, வழிப்பறி செய்யவுமில்லை.

அதில் வெளிப்பட்ட உண்மை வியப்புக்குரியது. வியப்பு அதன் எளிமையில் உள்ளது. செம்மண் காவி, மஞ்சட்காவி, பச்சை மண், சுண்ணமும் வெண்களிமண்ணும் போன்ற வெண்பொருள்கள், விளக்குப் புகைக்கரி. இவற்றுள் பெரும்பாலானவை மண்ணிலிருந்து அள்ளி அரைத்தவை. தொலைவிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று. ஆப்கானிய மலைநாடான படக்ஷானிலிருந்து வணிகர் கொணர்ந்த இராசாவர்த்தக் கல்லின் நீலம். அந்நீலமும் பிற்காலக் குகைகளில்தான் காணப்படும்; கிறித்துவுக்கு முற்பட்ட ஒன்பதாம், பத்தாம் குகைகளின் பழைய ஓவியங்களில் இல்லை. இப்பொடிகளைப் பசையில் குழைத்து, உலர்ந்த பரப்பின்மேல் தீட்டினர். பரப்பு எனப்படுவது யாது? கரடுமுரடான கரும்பாறையின்மேல் மண்ணும், கல்தூளும், உமியும், தாவர நாரும் சேர்த்துப் பிசைந்த சேறு பூசி, அதன்மேல் மெல்லிய வெண்பூச்சு. அவ்வளவே. குடிசைச் சுவருக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

ஆயனர் இதனைக் கேட்டிருப்பின் என்ன நினைத்திருப்பார்? அவர் தேடியது நீரிலும் கரையாத வண்ணத்தை. அஜந்தாவின் வண்ணமோ பசையில் நின்றது. மழைச்சாரல் பட்டால் சில பருவங்களில் பெயர்ந்து வழிந்திருக்கும். காஞ்சிக் காட்டில், ஐப்பசி அடைமழையில், ஆயனர் இல்லத்துச் சுவரில் அதனைத் தீட்டியிருந்தால் அவர் பட்ட துயரம் இருமடங்காகியிருக்கும். அஜந்தா ஓவியம் நின்றதற்குக் காரணம் கலவையில் இல்லை. வாகோரா ஆறு குதிரை இலாட வடிவில் வளைந்தோடும் செங்குத்தான மலைச்சரிவில், பாறையின் வயிற்றுக்குள், வெயிலும் மழையும் எட்டாத இருளில் அவை இருந்தன. அதனினும் பெரிய காரணம், ஓராயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதர் அவற்றை மறந்திருந்தது. இந்த இரகசியத்தை எந்த ஓலையில் எழுதி அனுப்புவது?

மறதி முற்றானதன்று. வெளவால் எச்சமும், தங்கிச் சென்ற துறவியர், மேய்ப்பர் மூட்டிய நெருப்பின் புகையும், சாந்திலிருந்த நாரைத் தின்னும் பூச்சிகளும் தம் பங்கைச் செய்தன. (எல்லோராவின் சாந்தில் கஞ்சாச் செடியின் நார் கலந்திருந்தமையால் பூச்சி அண்டவில்லை என்றும், அஜந்தாவில் அந்நார் இல்லாமையே கேட்டிற்கு ஒரு காரணம் என்றும் 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று கூறும். இரகசியம் என்று ஒன்று உண்டெனில் அது இதுவாகலாம். இதனைக் கேட்டுவரப் பிக்ஷுவை அனுப்புவது பொருத்தமாக இராது.) ஆயினும் அஜந்தாவின் பேரழிவு மறதிக் காலத்தில் நேர்ந்ததன்று. கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், அதனை நேசித்தவர்களாலேயே நேர்ந்தது. நாவலாசிரியன் ஒருவன் இதனைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்பர்.

1819ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் சென்னைப் படையைச் சேர்ந்த குதிரைப்படை அதிகாரி ஜான் ஸ்மித் வேட்டையாட வந்தபோது புதர் மூடிய குகைமுகத்தைக் கண்டார். பத்தாம் குகையினுள் நுழைந்து, ஓவியம் தீட்டிய தூணொன்றில் தம் பெயரையும் நாளையும் கீறி வைத்தார். ஆயிரம் ஆண்டு உறங்கிய ஓவியத்தை எழுப்பிய முதற் கை, அதன்மேல் கீறிய கையும் ஆயிற்று. அவரைத் தொடர்ந்து வந்தோர் பலர், தலைகளையும் முகங்களையும் சாந்தோடு பெயர்த்து எடுத்துச் சென்றனர். பெயர்த்தவற்றுள் பல வழியிலேயே பொடியாகிவிட்டன.

இக்கொள்ளைக்கு அஞ்சிய அரச ஆசியக் கழகத்தார், ஓவியங்களைப் படியெடுத்து வைக்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கும்பினியாரை வேண்டினர். அதற்கென 1844ஆம் ஆண்டில் அமர்த்தப்பட்டவர் இராபர்ட் கில். இவரும் சென்னைப் படை அதிகாரியே. அஜந்தா ஊரில் தங்கி, காட்டு வழியே நாள்தோறும் குகைகளுக்குச் சென்று, இருளில் விளக்கொளியின் துணையோடு மூல அளவிலேயே பெரிய திரைச்சீலைகளில் அவர் படியெடுத்தார். காய்ச்சலும் புலியும் குடித்தனக்காரர்போல் உடனிருந்த இடம் அது. ஓராண்டு ஈராண்டுப் பணி என்று எண்ணி வந்தவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பணியிலேயே ஆழ்ந்தார்.

அங்கே அவர் வாழ்வில் பாரோ என்னும் அவ்வூர்ப் பெண் இணைந்தாள். அவளைப் பற்றிய செய்தி எழுத்தில் மிகச் சிறிதே எஞ்சியுள்ளது. வாய்மொழிக் கதைகளோ ஏராளம். அவற்றை ஒதுக்கிவிட்டு நோக்கினும் மறுக்க இயலாத சான்று ஒன்று உண்டு. அஜந்தா ஊரில் அவளுக்கு ஒரு கல்லறை உள்ளது. 1856ஆம் ஆண்டில் இறந்த தம் அன்பிற்குரிய பாரோவின் நினைவாக என்று கில் அதில் ஆங்கிலத்தில் பொறித்துவைத்தார். அரசின் ஊதியம் பெறும் படை அதிகாரி, அக்காலத்து வழக்கங்களை மீறிப் பகிரங்கமாகக் கல்லில் பொறித்த காதல் அது. மராத்தியக் கவிஞர் நா. தோ. மகானோர் இக்காதலைக் கதைக்கவிதையாகப் பாடியுள்ளார். அதனைத் தழுவி 2012ஆம் ஆண்டில் மராத்தித் திரைப்படமும் வந்தது. மாமல்லர் சிவகாமிக்கு ஒரு கல்லறைக்கல்லும் வைக்கவில்லை என்பதனை இங்கு நினைவுகூர்வது அநீதியாகாது.

கில் தீட்டிய படிகள் இலண்டன் சென்றன. சைடன்ஹாமில் பளிங்கு அரண்மனை என்று போற்றப்பட்ட கண்ணாடி மாளிகையில் அவை பார்வைக்கு வைக்கப்பட்டன. 1866ஆம் ஆண்டு டிசம்பரில் அம்மாளிகையில் மூண்ட தீயில் அவை எரிந்தன. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே தப்பின. இருபதாண்டு உழைப்பு ஒரே இரவில் சாம்பலானதைக் கேட்டபின்னும் கில் அப்பகுதியை விட்டு நீங்கவில்லை. புகைப்படக் கருவியைக் கையில் ஏந்திக் குகைகளைப் படம் எடுத்தவரும் அவரே. 1879ஆம் ஆண்டில் இறந்து பூசாவலில் அடக்கமானார்.

பின்னர் பம்பாய்க் கலைப்பள்ளித் தலைவர் ஜான் கிரிப்பித்ஸ் தம் மாணவர்களுடன் 1872 முதல் 1885 வரை மீண்டும் படியெடுத்தார். தென் கென்சிங்டனில் வைக்கப்பட்டிருந்த அப்படிகளிலும் பெரும்பகுதியை 1885ஆம் ஆண்டின் தீ உண்டது. எஞ்சியவற்றைக் கொண்டே அவர் 1896–97இல் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். முப்பதாண்டு கழித்து, இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பில் வங்கம் வந்த சப்பானிய ஓவியர் அராய் கம்போ அஜந்தா சென்று படியெடுத்தார். தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்ட அப்படிகள் 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைத் தொடர்ந்த பெருந்தீயில் அழிந்தன. அஜந்தாவின் சாயல் உடையவை என்று கலையறிஞர் போற்றிய ஹோரியூஜி விகாரத்தின் சுவரோவியங்களோ, படியெடுக்கும் பணி நடந்துவந்த காலத்திலேயே, 1949ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் விடியலில் தீப்பற்றிக் கருகின. சாபம் என்று பேச விரும்புவோருக்கு இவை போதும். மரச்சட்டம், எண்ணெய் வண்ணம், துணி, விளக்கு ஆகியவை ஓரிடத்தில் கூடினால் சாபம் தனியே வரவேண்டியதில்லை.

தீயைவிட மெல்லிய கேடும் உண்டு. படியெடுப்போர் சித்திரம் தெளிவாகத் தெரிய வேண்டி மூல ஓவியத்தின்மீதே மெருகெண்ணெய் பூசினர். 1920களின் தொடக்கத்தில் ஐதராபாத் நிசாம் அரசு, குலாம் யஸ்தானி தலைமையிலான தம் தொல்லியல் துறையின் வாயிலாக, செக்கோனி, ஓர்சினி என்னும் இத்தாலிய வல்லுநர் இருவரை வரவழைத்தது. பெயர்ந்து தொங்கிய சாந்தை அவர்கள் பாறையோடு பொருத்தியது போற்றத்தக்கது. பல சுவர்கள் இன்று நிற்பதே அதனால்தான். ஆனால் மேற்பரப்பைக் காக்கப் பூசிய அரக்குமெருகு, ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சள் பாரித்துக் கருத்தது. நீலம் பச்சையாகவும் வெள்ளை பழுப்பாகவும் தோன்றலாயின. அஜந்தா என்றால் பொன்னிறமான இருள் என்று இருபதாம் நூற்றாண்டுக் கவிஞரும் ஓவியரும் வியந்தனர். அவர்கள் வியந்தவற்றுள் ஒரு பகுதி, வாகாடக ஓவியன் கலந்த வண்ணமன்று, இத்தாலிய அரக்கு. 1990களின் இறுதியிலிருந்து இந்தியத் தொல்லியல் துறை வேதியியலார் அந்த அரக்கைச் சிறிது சிறிதாகக் களைந்து வருகின்றனர். களைந்த இடங்களில் வெளிப்படும் வெள்ளையும் நீலமும், பழைய நூல்களின் வண்ணப்படங்களைப் பார்த்துப் பழகியவர்க்கு அயலாகத் தோன்றும்.

ஆயனர் வடக்கே ஓலை அனுப்பிய காலத்தில் தெற்கே என்ன இருந்தது என்பதனையும் நோக்க வேண்டும். மகேந்திரவர்மருக்கு அவர்தம் குகைக் கல்வெட்டுகள் சூட்டும் பெயர்களுள் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியர்க்குள் புலி என்பது அதன் பொருள். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் பெருமிதத்தோடு பொறித்துவைத்த மன்னர் அவர். மத்தவிலாசம் என்னும் எள்ளல் நாடகம் இயற்றியவர். மாமண்டூர்க் குகையின் சிதைந்த கல்வெட்டைக்கொண்டு, தட்சிணசித்திரம் என்னும் ஓவிய நூலுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டென்று அறிஞர் கருதுவர். அந்நூல் இன்றில்லை. சித்திரகாரப்புலியின் சித்திரமோ குகைச் சுவர்களில் மங்கிய வண்ணச் சுவடாக மட்டும் எஞ்சியது. சித்தன்னவாசல் ஓவியங்கள் அவருடையவை என்று முன்பு எழுதினர். ஆங்கு இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் கோயிலைப் புதுக்கிய செய்தியைக் கல்வெட்டு கூறுவதால், இன்று காணும் தாமரைக் குளத்தை அக்காலத்ததாகவே பெரும்பாலோர் கொள்வர். ஆகப் பல்லவ ஓவியப்புலி கல்லிலும் எழுத்திலும் நிற்கிறார், வண்ணத்தில் இல்லை. ஆயனரின் துயரம் கல்கியின் கற்பனை அன்று. அது மகேந்திரரின் வரலாறு.

தமிழர்க்கு இவ்விழப்பு புதிதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திர மாடத்தைக் காட்டுகிறது. இரதியும் காமனும், அகலிகையும் கௌதமனும், பூனை உருக்கொண்ட இந்திரனும் அச்சுவரில் இருந்தனர். கண்டவர் ஒருவர்க்கொருவர் சுட்டிக்காட்டி வினவினர், விடை கூறினர். மாடம் போயிற்று. சுவரும் போயிற்று. நப்பண்ணனாரின் பாட்டு மட்டும் அந்தப் பூனையை இன்னும் வைத்திருக்கிறது.

ஆனால் தென்னாட்டு ஓவியர், அஜந்தாவைப் போல் சேற்றையும் பசையையும் மட்டும் நம்பி நிற்கவில்லை. அவர்கள் சுண்ணத்தைக் கைக்கொண்டனர். மாமல்லரின் கொள்ளுப்பேரனான இராசசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலை எடுத்தபோது, திருச்சுற்றின் சிறு கோட்டங்களில் சுண்ணச் சாந்து பூசி ஓவியம் தீட்டுவித்தான். பிற்காலப் பூச்சுக்குள் மறைந்து கிடந்த அவற்றை 1931ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் வெளிப்படுத்தினார். சோமாஸ்கந்தரின் ஒரு கண், ஒரு தோள், கோடுகள். அவ்வளவே எஞ்சின. அதே மன்னன் எடுத்த பனமலைக் கோயிலில், ஆடும் இறைவனை நோக்கிக் குடைநிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் உருவம் நிற்கிறது. ஆடுபவர் ஏறத்தாழ அழிந்துவிட, காண்பவள் மட்டும் தப்பியிருக்கிறாள். அதே 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரியகோயிலின் இருண்ட உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அதன் அடியில் ஒளிந்திருந்த சோழர் ஓவியத்தைக் கண்டார். அதனைப் பின்னர் ஆராய்ந்த பரமசிவன், அங்கு வண்ணம் ஈரச் சுண்ணச் சாந்தின் மேலேயே தீட்டப்பட்டது என்று அறிவித்தார். சாந்து இறுகும்போது வண்ணமும் அதனோடு இறுகிக் கல்லாகிறது, பசை வேண்டா. ஈரம் உலருமுன் கை ஓடி முடிய வேண்டும், திருத்த இடமில்லை. ஆயனர் தேடிய, நீருக்கு அஞ்சாத வண்ணத்திற்கு மிக அண்மையில் வந்த விடை, அவர் வாழ்ந்ததாகக் கல்கி கூறும் காலத்திற்கு நானூறு ஆண்டு கழித்துக் காவிரிக் கரையில் கிடைத்தது.

கதையிலே போருக்குத் திரையாக நின்றது கலை. வரலாற்றிலும் அவ்விரண்டும் ஒன்றையொன்று விடவில்லை. ஆயின் அவை சென்ற வழி கல்கி காட்டியதன்று. புலிகேசி வந்தான், பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்ததாக 634ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. 642ஆம் ஆண்டில் மாமல்லர் வாதாபியை வென்று, பாறையில் தம் வெற்றியைப் பொறித்தார். நூறாண்டு கழிந்தது. சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பழைய பழியை நெஞ்சில் ஏந்திக் காஞ்சிக்குள் நுழைந்தான். வாதாபி எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் கையில், இராசசிம்மன் எடுத்த கயிலாசநாதர் கோயில் இருந்தது. கோட்டங்களின் வண்ணம் அப்போது தீட்டிச் சில பத்தாண்டுகளே ஆகியிருக்கும்.

அவன் அதனை எரிக்கவில்லை. கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தியைக் கோயில் முன்மண்டபத் தூணில் தன் மொழியான கன்னடத்தில் பொறித்தும் வைத்தான். பின்னர் அவன் பட்டத்தரசி உலோகமாதேவி, கணவன் காஞ்சியை வென்றதன் நினைவாக, வாதாபிக்கு அண்மையிலுள்ள பட்டடக்கல்லில் ஒரு பெருங்கோயில் எடுப்பித்தாள். இன்று விருபாட்சர் கோயில் எனப்படும் அதன் அமைப்பில் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் சாயல் வெளிப்படையாகத் தெரிகிறது. அதனைக் கட்டிய தலைமைச் சிற்பிக்குத் தென்றிசைச் சூத்திரதாரி என்னும் சிறப்பை அங்குள்ள கல்வெட்டு தருகிறது. வண்ண இரகசியம் வேண்டி ஓலையொன்று தெற்கிலிருந்து வடக்கே சென்றது நாவலில். வரலாற்றில் சென்றது ஓலையன்று. உளி பிடித்த கை. காஞ்சித் தூணின் அக்கன்னட எழுத்துகளை இன்றும் படிக்கலாம். சில அடிகள் நடந்தால், திருச்சுற்றின் கோட்டங்களுள் அந்த ஓவியத் துணுக்குகள், கீழிருந்து ஈரம் ஏறும் சுவரில், ஒட்டிக்கொண்டிருக்கின்றன.